வியாழன், நாலரை மணி

கோச்சிடம் போகிறேன் என்றதும்
லிங்கண்ணன் சிரித்தார்:
"எந்தக் கோச்சும்மா, மேட்டுப்பாளையம் வண்டியிலயா?"
குன்னூரில் அந்தச் சொல்லுக்கு
வேறு பொருள் ஏது.

ஐம்பத்து மூன்று வயதுக்காரி எனக்கு
முப்பதைத் தொடாத ஒருத்தி. தபித்தாள்.
பெட்போர்டில் மருந்துக்கடை மாடி.
இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம்,
மணிக்கு இரண்டாயிரத்து ஐநூறு.
அன்றைய விலைக்கு நூற்றுப் பத்து கிலோ பச்சை இலை
என்று படியேறும்போதே கணக்குப் போட்டேன்.

கோத்தகிரியில் என் தேயிலைத் தொழிற்சாலை.
இலையின் எடை நான் பார்த்தால்தான் எடை.
டிரையரின் சூடு நான் நின்றால்தான் சூடு.
இரவு இரண்டு மணிக்கு மணம் மாறினால்
எனக்கு முன்னால் என் மூக்கு எழுந்துவிடும்.
இதையெல்லாம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"நீங்கள் இல்லாத ஒரு நாள்
அங்கே எப்படி இருக்கும்?" என்றாள்.

நான் பேசவில்லை.
அவளும் பேசவில்லை.
கீழே யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.
சில்லறை இல்லை என்றார் கடைக்காரர்.
நிமிடத்துக்கு நாற்பத்தோரு ரூபாய்ச் சொச்சம்
சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காவது நிமிடத்தில்
என் வாயிலிருந்து வந்தது இது:
"பயமாக இருக்கும்.
அவர்களுக்கில்லை, எனக்கு.
எல்லாம் நன்றாகவே நடந்துவிட்டால்?"

அதற்கு அவள் தலைகூட ஆட்டவில்லை.
தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் வாரம் சண்டை போட்டேன்.
காசு வாங்குகிறாயே, ஒரு வழியாவது சொல்லேன் என்று.
"தேயிலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுங்க,
நான் காப்பிதான் குடிப்பேன்."
கோபத்திலேயே சிரித்துவிட்டேன்.
வண்டியை எடுக்கும்போது யோசித்தேன்:
என்னிடம் எதையும் விற்காமல், என்னிடம் எதையும் கேட்டு வாங்காமல்
ஒரு முழு மணி நேரம் என்னைக் கேட்ட ஆள்
இந்த மலையில் வேறு யார்?

ஒரு முறை காலைக்கு மாற்றினோம்.
பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேட் அடைத்திருந்தது.
மலை ரயில் வந்தது, பெட்டிகள் முன்னால்,
இன்ஜின் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு.
தள்ளுகிறதற்குத் தண்டவாளம் தெரியாது.
முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு ஒருவர்.
இழுப்பதில்லை, தள்ளுவதில்லை,
பார்க்கிறார், காட்டுகிறார்.
ஐம்பது வருடமாய்ப் பார்க்கும் வண்டி.
அவரை அன்றுதான் பார்த்தேன்.

அதே கேட்டில் போன் அடித்தது. லிங்கண்ணன்.
"மழை இலைம்மா, ஈரம் ஜாஸ்தி, சூடு எவ்வளவு வைக்கட்டும்?"
எண் நாக்கின் நுனியில் இருந்தது.
"நீங்க என்ன நினைக்கிறீங்கண்ணா?"
லைன் அறுந்ததோ என்று நினைக்கும் அளவுக்கு அமைதி.
இருபது வருடத்தில் அவரிடம்
இந்தக் கேள்வியை நான் கேட்டதேயில்லை.
"அஞ்சு டிகிரி கூட்டலாம்னு…"
"கூட்டுங்க."
நானாக இருந்தால் எட்டு கூட்டியிருப்பேன்.

ஏலத்தில் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் குறைந்தது.
அதை மறைக்க மாட்டேன்.
லிங்கண்ணன் அன்றிரவு தூங்கவில்லையாம்.
நான் தூங்கினேன்,
காலை ஏழு வரை, வெயில் முகத்தில் விழும் வரை.
அடுத்த மழை நாளில் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.
ஏழு கூட்டினாராம்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது.
தபித்தாள் ரசீது எழுதினாள்.
என்ன கிடைத்தது என்று தங்கை கேட்டாள்.
தூக்கம் என்றேன். அவள் நம்பவில்லை.
ஒரு கேள்வி கேட்டுவிட்டு
வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் என்றேன்.
அதைச் சுத்தமாக நம்பவில்லை.

இப்போது வியாழன் நாலரைக்கு
இலைக் கொட்டகையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
என்னைவிட நாலு வயது மூத்த லிங்கண்ணன்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்.
நான் கேட்கிறேன். அவர் யோசிக்கிறார்.
வெளியே பனிமூட்டம் லாரியை விழுங்குகிறது.

மூன்றாவது நிமிடத்தில்
நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மூன்றரை.