இருபத்தெட்டாம் நாள்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
துவாஸில் தலைகீழ்.
உப்பு இருப்பதால்தான் இது குப்பை,
குப்பையாகக்கூட ஏற்க மறுக்கிறார்கள்.

எரித்த சாம்பல், வடித்த கசடு,
ஏதோ ஒரு சாயத்துக்குப் பின் மிஞ்சிய சேறு.
பெரிய பைகளில் வரும், பைக்கு ஓர் எண்.
சிமெண்ட் சேர்க்கிறோம், உலைக்கசடுத் தூள் சேர்க்கிறோம்.
ஈயம் அடங்கிவிடும். துத்தநாகமும்,
கொஞ்சம் முரண்டு பிடித்து.
உப்பு அப்படியல்ல.
முதலில் சிமெண்டோடு சமாதானம் போலிருக்கும்,
பிறகு கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே
மெல்ல ஏறி வரும்.
நேற்றுக் கல்லாக இருந்தது
இன்று வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.
அழகுதான்.
தொட்டால் மாவு.

பதினான்காம் கலவை குணாளன் போட்டது.
எனக்குச் சொல்லாமல் தண்ணீரைக் குறைத்திருந்தான்.
"கை சொல்லுச்சு அக்கா."
கை சொன்னதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
அச்சின் விளிம்பை வழிக்கும்போது
ஒரு கட்டியின் மூலையில்
அவன் பெருவிரல் பதிந்துவிட்டது.
கையுறை போட்ட விரல், ரேகை கிடையாது,
வெறும் பள்ளம்.

பதினொன்றாம் நாள் அவன் பெர்மிட் முடிந்தது.
லாக்கரில் ஒரு சட்டையை விட்டுப் போனான்.
முதுகில் வியர்வை காய்ந்து
கரைகரையாய் வெள்ளை.
ஸுரயா அதை வாளியில் முக்கினாள்.
ஒரே அலசல், போயே போய்விட்டது.
எனக்கு எரிச்சலாக இருந்தது,
இந்த உப்பு இவ்வளவு லேசாகப் போவது.

இருபத்தெட்டாம் நாள்
கட்டியை அழுத்தியின் கீழ் வைத்தேன்.
தாங்கியது,
தாங்கியது,
பிறகு பட்டாசுபோல் ஒரு சத்தம்.
விரல் பதிந்த மூலை எங்கே தெறித்ததென்று
குனிந்து தேடினேன், கொஞ்ச நேரம்தான்.
நொறுங்கியதைப் புட்டியிலிட்டு
அமிலத்தில் இரவெல்லாம் சுழலவிட்டேன்.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும்.
இது குடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான்
எனக்குச் சம்பளம்.

காலையில் ஈயம் இல்லை.
குளோரைடு, கோட்டுக்குக் கீழே,
மயிரிழையில்.

செமாகாவுக்கு இரவில்தான் படகு.
கடற்சுவருக்கு உள்ளே இறக்குவார்கள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
கண்ணுக்கு எட்டியவரை உப்பு,
ஒரு படிவமும் நிரப்பாமல்.

கலவை பதினான்கு. தேர்ச்சி.
'காரணம்' என்ற கட்டத்தில்
'கை' என்று எழுதினேன்.
திரு. சியா சிரிக்கவில்லை,
அடித்துவிட்டு
'நீர்–சிமெண்ட் விகிதம்' என்று எழுதினார்.

அதுவும் சரிதான்.