ஒரு நிமிடம் இருபது

ஜூலை இருபத்தாறு.
மஞ்சாலுமூடு ஜங்ஷனில் காலை ஏழரைக்கெல்லாம்
வெயிட்டிங் ஷெட்டின் தூணில்
குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டேன்.
ஷெட்டே அவன் பேரில்தான்.
லான்ஸ் நாயக் த. பிரைட்சிங் நினைவு நிழற்குடை,
தொகுதி மேம்பாட்டு நிதி, மதிப்பீடு ஒன்றரை லட்சம்.
அவன் பேரைவிட மதிப்பீடு பெரிய எழுத்தில்.

தோவாளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மலர்வளையங்கள்
டீக்கடை பெஞ்சில் சாய்ந்திருக்கின்றன.
அவற்றுக்குப் பின்னால் யாரோ வைத்த நீல பக்கெட்.
சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள்,
தொப்பியில் பாச்சா உருண்டை வாசம்,
வெள்ளைச் சட்டையில் ஊக்குக் குத்தி நிறுத்திய பதக்கங்கள்.
சுபேதார் மரியசெல்வத்துக்கு மட்டும்
பழைய பெல்ட் இன்னும் சேருகிறது;
எல்லோரிடமும் காட்டுகிறார்.
யார் வளையம் முதலில் என்று சின்னப் பேச்சு.
போன வருஷம் பேங்க் மேனேஜர் முந்திக்கொண்டாராம்.

பிகிள் ஊத ஆளில்லை.
அந்த ஓசை என் பென்டிரைவில் இருக்கிறது,
கல்யாண வரவேற்புக்கும்
கோட்டவிளை கோயில் கொடைக்கும் நடுவில்.
ஒரு வருஷம் விரல் தவறி
மாப்பிள்ளை அழைப்பு நாதஸ்வரம் எழும்பிவிட்டது.
விறைத்து நின்ற ஒருவரும் அசையவில்லை.
அவன் பெண்டாட்டி லில்லிபாய்தான்
சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
அழுகிறாள் என்று பேப்பரில் போட்டோ வந்தது.

நானும் அவனும் ஒரே நாளில்தான்
நாகர்கோவில் மைதானத்தில் சட்டையைக் கழற்றி நின்றோம்.
அவன் முன்னால், நான் பின்னால்.
டேப் பிடித்த ஹவில்தார் மூச்சை இழு என்றார்.
இழுத்தேன். இன்னும் என்றார்.
ஒரு சென்டிமீட்டர் போதவில்லை.
திரும்பும் பஸ்ஸில் அவன்தான் எனக்கும் டிக்கெட் எடுத்தான்.
"அடுத்த தடவை பாக்கலாம் மக்கா."
அடுத்த தடவைக்குள்
நான் கடனுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட்டேன்.

அவன் பெட்டி வந்த அன்று
பள்ளிமுக்கிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை
என் ஸ்பீக்கர்தான். அதற்கு பில் போடவில்லை.
இதற்குப் போடுகிறேன்.
வண்டி, பேட்டரி, ஆள்கூலி சேர்த்து எண்ணூறு.

மௌன அஞ்சலி, இரண்டு நிமிடம் என்றதும்
எல்லோரும் தலை குனிவார்கள்.
நான் குனிய முடியாது. வாட்ச் என் கையில்.
மீன்காரர் ஹாரனை அமுக்கிவிட்டு
ஆள்கூட்டத்தைப் பார்த்து நாக்கைக் கடிப்பார்.
அருமனை பஸ் இன்ஜினை அணைக்காமல் காத்து நிற்கும்.
அவ்வளவு நேரமும்
அவனை நினைக்காத ஒரே ஆள் நான்தான் என்று
ரொம்ப நாள் எண்ணியிருந்தேன்.

ஏழெட்டு வருஷம் முன்னால்
இதேபோல மேகம் இருண்ட காலை.
ஒயர் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாள் லில்லிபாய்.
அரசாங்கம் தந்த பணத்தில் வாங்கிய அறுபது மூடு ரப்பர்,
வெள்ளனே நாலு மணிக்கு
அவளேதான் பால் வெட்டுகிறாள்.
"அண்ணே, அந்த மௌனத்தைக் கொஞ்சம் குறைக்கப்பிடாதா?
மழை விழுந்தா சிரட்டைப் பாலெல்லாம் தண்ணியாப் போவும்.
அவிய இருந்தாலும் இதத்தான் சொல்லுவாவ."

அன்றிலிருந்து ஒரு நிமிடம் இருபது விநாடி.
முள் அங்கே வந்ததும் குமிழைத் திருகுவேன்.
இரண்டு நிமிடம் நின்ற களைப்போடு
எல்லோரும் நிமிர்வார்கள்.
ஒருவரும் கண்டுபிடித்ததில்லை,
சுபேதார்கூட.

இன்றைக்கு எம்.எல்.ஏ. நாற்பது நிமிடம் தாமதம்.
தலைகள் குனிந்தபோது
ஷெட்டின் தகரத்தில் முதல் துளி.
வரிசையின் ஓரத்தில் அவள்,
பால் உலர்ந்து கறுத்த விரல்களைக் கூப்பியபடி
கண் மூடாமல் என்னைப் பார்க்கிறாள்.

ஐம்பதாவது விநாடியில் திருகினேன்.

பேச வந்தவர் தொண்டையைச் செருமி
"வீரத்தின் விளைநிலமாம்" என்று தொடங்குவதற்குள்
பெஞ்சுக்குப் பின்னால் இருந்த பக்கெட்டைக் காணோம்.
சரிவில்,
ரப்பர் மரங்களுக்கு இடையே,
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
அவள் ஓடுவது தெரிந்தது.