மாற்றக் கூடாது

பணகுடிக்குத் தெற்கே, காற்றாடிகள் நிற்கும் பொட்டலில்
நயினான்குடியிருப்பின் கடைசி வீடு.
எங்கள் பட்டியலில் அதன் எண் பதினேழு.
படிவம், டேப்பு, அட்டையோடு போயிருந்தேன்.
தூக்குக்குண்டை மட்டும்
வள்ளியூர் பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

ஜெபக்கனியின் மடியில் பீடித்தட்டு.
தலையைத் தூக்காமலே சொன்னாள்:
'குனிஞ்சு வாங்க. போன தடவை வந்த சாருக்கு
நெத்தி பொடைச்சுப் போச்சு.'
குனிந்தேன்.
வாசல் உயரம் நாலடி இரண்டங்குலம்.

முதல் கட்டம்: கட்டிய ஆண்டு.
'எதைக் கேக்கீய?' என்றாள்.
'ஓலை போன பங்குனியில வேய்ஞ்சது.
நார்க்கட்டும் அப்ப உள்ளதுதான்.
கிழக்குச் சுவர் பெருமழையில கரைஞ்சு
மூத்தவ வயித்துல இருக்கையில எழுப்புனது.
பனங்கையில ஆறு மாத்தியாச்சு, எட்டு பழசு.
மோட்டுவளை மட்டும்
எங்க மாமனாருக்குக் கலியாணம் ஆகுமுன்ன உள்ளது.
எந்த வருசம்னு அவரும் சொன்னதில்ல.'

படிவத்தில் நாலு இலக்கத்துக்குத்தான் இடம்.
அவள் ஒரு இலையை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி,
நுனி மடக்கி, நூல் சுற்றும் வரை யோசித்தேன்.
பிறகு ஒரு கோடு போட்டேன்.

சுவர் சாய்ந்திருப்பதாகப் பட்டது.
குண்டு இல்லையே. அவள்
பீடிக்குச் சுற்றும் சிவப்பு நூலில்
பெட்டிப் பூட்டைக் கட்டிக் கொடுத்தாள்.
பூட்டு ஆடியது, ஆடியது, நின்றது.
இரண்டு சுவருக்கும் மேற்கே மூன்றங்குலச் சாய்வு.

'சேதம்' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதுதான்
கணவாய்க் காற்று வந்தது.
வந்தது என்று சொல்ல முடியாது. விழுந்தது.
வெளியே காற்றாடிகள் கிறுகிறுத்தன.
யார் வீட்டுத் தகரமோ
தெருவில் உருண்டு ஓடியது.
இந்த வீடு
மேற்கு இறவாரத்தைத் தரைக்கு ஒரு முழம் விட்டு இறக்கி
முட்டுக்கு நிற்கும் கிடா மாதிரி
தோளைக் கொடுத்தது.
ஓர் ஆணி கிடையாது. எல்லாம் கட்டு.
கட்டுகள் முனகின, கொஞ்சம் நெகிழ்ந்தன,
மறுபடி இறுகின.
சுவருக்கும் கூரைக்கும் நடுவில் விட்ட சாண் இடைவெளியில்
காற்று நுழைந்து
எதிர்ப்பக்கம் இறங்கிப் போனது.
தட்டில் இருந்த தூள் பறக்கவில்லை.

'சேதம்' என்பதை அடித்தேன்.
'காற்றுக்காக' என்று எழுதினேன்.
மேலே உள்ளவர்களுக்கு இது புரியுமோ என்னவோ.

கடைசிப் பக்கம் விதிகள். அதில் ஆறாவது:
மூலப்பொருள் எதையும் மாற்றக் கூடாது.
வாசித்துக் காட்டினேன்.
அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.
'ரெண்டு வருசம் ஓலை மாத்தாட்டா
இது வீடா, எருக்குழியா?'
நான் பேசவில்லை.
'ஒரு வண்டி ஓலை என்ன விலைன்னு
அந்தத் தாள்ல போட்டிருக்கா?'
போடவில்லை.
'பாதுகாக்கோம்னு வாரீய.
ஐப்பசியில ஒருநா ராத்திரி வந்து
என் பாயில படுத்துப் பாருங்க.'

எனக்கு இருக்கும் அதிகாரம் ஒரு பேனா நீளம்.
அதை வைத்து ஆறாவது விதியில்
கொஞ்சம் இடம் பிளந்து நுழைத்தேன்:
ஓலையை மாற்றாமல் இருக்கக் கூடாது.
அடியில், சிறிய எழுத்தில்: செலவு துறையைச் சேர்ந்தது.
ஆபீசில் கண்ணில் பட்டால் அடித்துவிடுவார்கள்.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டச்சுக்குப் போனால்
படாமலும் போகலாம்.

கிளம்பும்போது பூட்டை அவிழ்த்தாள்,
நூலைக் கண்டில் திரும்பச் சுற்றிக்கொண்டாள்.
கம்பெனிக்கு நூல் கணக்கு உண்டு.
'ஒண்ணு கேக்கணும்' என்றாள்.
'காரை வீட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்.
உங்க லிஸ்டுல பேரு ஏறுச்சுன்னா
அந்த லிஸ்டுல இருந்து இறங்கிருமா?'

தெரியவில்லை என்றேன்.
உண்மையிலேயே தெரியவில்லை.
அதையே நினைத்துக்கொண்டு வெளியே வந்ததில்
குனிய மறந்துபோனேன்.
வள்ளியூர் வரை
நெற்றியைத் தடவிக்கொண்டே போனேன்.