மாதிரிக் குப்பி

இரவெல்லாம் ஆரியங்காவுச் சாவடியில்
பாலைச் சோதிப்பது என் வேலை.
ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குப்பி எடுப்பேன்.
யூரியா, சோடா, மாவு, சர்க்கரை,
எது கலந்திருந்தாலும் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.
வண்டி திரும்பும், கோட்டைவாசல் வளைவில்
ஓட்டுநர் என் ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டே.

காலை ஏழு மணிக்குக் குவார்ட்டர்ஸ் வந்தால்
என் வாசல் பாத்தியில் கலப்படம்.

நான் வைத்தது செவ்வந்தி, காசித்தும்பை,
அரியர் பணம் வந்த மாதம் வாங்கிய இரண்டு ரோஜாப் பதியன்.
கோரையை நான் வைக்கவில்லை.
பிடுங்கினால் 'டக்' என்று ஒரு சத்தம்,
ஜெயித்த மாதிரி இருக்கும்.
முறிந்தது கழுத்து மட்டும்தான்.
கிழங்கு கீழே, கறுத்த பாசிமணிகளாய்
ஒன்றோடொன்று நூல் கோத்து,
அறுந்த இடத்தில் புதிதாய் இரண்டு மணி கட்டிக்கொண்டு
அடுத்த புதன்கிழமைக்காகக் காத்திருக்கும்.

கறுப்புத் தார்ப்பாய் விரித்தேன்.
ஊசிபோல் குத்திக்கொண்டு மேலே வந்தது.
உப்பைக் கொட்டு என்றான் தம்பி போனில்.
அது உனக்கில்லை என்று ரோஜாவிடம் யார் போய்ச் சொல்வது?
கடைசியில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு
முட்டுக்குத்தி உட்கார்ந்து
ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கையால் உதிர்த்து
மாவுச் சல்லடையில் சலித்தேன்.
சாரல் விழுந்தால் கண்ணெல்லாம் களி அடைத்துவிடும்.
ஆனி மாதம் முழுக்க வெயில் அடித்தது நான்கு நாள்.

இதற்கிடையில் மேலே இன்னொன்று,
ரப்பர் தோட்டத்திலிருந்து வேலி தாண்டி வந்து
ரோஜாவின் தோளில் கை போட்டிருந்தது.
நெஞ்சு வடிவ இலை. ஒரு மாதம் அழகு என்று விட்டுவைத்தேன்.
பக்கத்து வீட்டு சோசம்மாதான் பெயர் சொன்னாள்:
திருதராஷ்டிரப் பச்சை.
சிரித்தேன். பிறகு ரோஜாவைப் பார்த்தேன்.
இரும்புப் பதுமையைத் தள்ளிவிட எனக்குக் கிருஷ்ணன் இல்லை,
கருக்கரிவாள் இருந்தது.
"அறுத்ததைக் குழியில் போடாதே தங்கம்,
கணு பட்ட இடமெல்லாம் வேர் பிடிக்கும்."
துணிக்கொடியில் போட்டேன், நைட்டிக்கும் துண்டுக்கும் நடுவே.
பதினோராம் நாள்
மண்ணைத் தொடாமல், வெறும் பனியைக் குடித்து
ஒரு கணு துளிர்த்திருந்தது.
அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.
சோசம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

ஆடிக் கடைசி. பாத்தியில் ஏறக்குறைய
மண் மட்டுமே இருந்த வாரம்.
விடிந்தும் விடியாமல் சோசம்மா வாசலில் நின்றாள்.
இளையவனுக்கு ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு,
மோரில் காய்ச்ச முத்தங்கா வேணும்.
அது என்ன என்றேன்.
"நீ தினம் திட்டுவியே, அது."

என் சொந்தப் பாத்தியில் பிச்சைக்காரிபோல் தேடினேன்.
செவ்வந்தியடியில் இல்லை.
தும்பைப் பக்கம் சல்லடையில் சலித்த மண், பூப்போல.
மூன்று மாதத்தில் முதல்முறையாக
எங்காவது ஒன்று தப்பித்திருக்க வேண்டும் என்று,
வேறு யாரிடம், கோரையிடமே வேண்டிக்கொண்டு.

ரோஜா வேருக்குள்ளே, நான் கைவைக்கப் பயந்த இடத்தில்
ஏழு கிழங்கு.
கழுவி, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்து
அஞ்சு போதும் என்று
மிச்சம் இரண்டை என் கையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

குப்பையில் போட முடியாது. முளைக்கும்.
எரிக்கலாமென்றால் இருப்பது கரண்ட் அடுப்பு.
கோட்டுப் பையில் காலி மாதிரிக் குப்பி ஒன்று கிடந்தது,
அதில் போட்டு இறுக மூடினேன்.
வண்டி எண் எழுதும் சீட்டில் எதுவும் எழுதவில்லை.

பையனுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது.
மோராலா, புனலூர் டாக்டரின் மாத்திரையாலா,
கேட்கவில்லை.

நேற்று இரவு டியூட்டிக்குக் கிளம்பும்போது கவனித்தேன்.
ஜன்னலோரக் குப்பிக்குள்
ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்
மூடியைத் தலையால் முட்டிக்கொண்டு
வெளிறிய ஒரு முளை.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்,
பாலைப் பார்ப்பதுபோல.
திரும்ப வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினேன்.
சாவடியில் முதல் வண்டி ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தது.