எண்பத்தாறு மணித்தியாலம்

மத்திய வீதிக் கடையில் நஸ்வர்
போர்கே புரொஜெக்டரைப் போட்டுக் காட்டினான்.
நாயகியின் மேலுதட்டு வியர்வையை
எண்ணலாம்.
விலையையும் எண்ணினேன்,
விரல் போதவில்லை.

உப்புவெளியில் எங்கள் சுவருக்கு
இவ்வளவு துல்லியம் ஆகாது.
மாரி ஊறிய கறையொன்று
எல்லாப் படத்திலும் இடப்பக்கம் நிற்கும்.
சண்டைக்காரர் அதற்குள் புகுந்து
அடிவாங்கி வெளியே வருவார்கள்.
பழைய மெஷின் மங்கல்,
அதனால் கண்டும் காணாமல் இருந்தது.

“முதல்ல சுவருக்குப் பெயின்ற் அடியுங்கோ,”
என்றாள் யசோதினி.
“பிறகு கடனைப் பாப்பம்.”

மெனுவைத் திறந்தேன்.
விளக்குக்கு மிச்சம் எண்பத்தாறு மணித்தியாலம்.
பாட்டுகளைத் தாண்டிவிட்டால்
நாற்பது படம் தேறும்.
நாற்பது படத்துக்குள்
சீட்டுக்காசும் விழுந்துவிடும்.

கடற்காற்றில் ஜன்னல் அடித்தது.
யாரும் எழும்பவில்லை.
இன்றைக்குப் பாட்டுகளையும் பார்த்தோம்.

மிச்சம் எண்பத்துமூன்று.