மாடுகளின் நேரம்

வியாழன் இரவு பதினொன்று நாற்பதுக்கு
பில்ட் சிவப்பானது.
கைடி ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை.
அதுதான் எரிச்சல்.
அவள் சும்மா இருந்தாள்.
அவள் பெயர்கூடக் கேட்டிராத ஏதோ ஒன்று
அடியில் புரண்டு படுத்தது.

வோரு நகரம். மார்ச் கடைசி.
உருகலாமா வேண்டாமா என்று
ஏரியின் மேல் பனி யோசித்துக்கொண்டிருக்கிறது.
நிரலின் வேலை பெரிதொன்றும் இல்லை:
நாற்பத்தொரு பண்ணைகள், ஆறு லாரிகள்,
எந்தப் பால் எப்போது எந்த லாரியில்.
இரவுதோறும் தன்னைத் தானே பிரித்துக் கட்டிப் பார்த்து
பச்சை காட்டிவிட்டுத் தூங்கும்.
இன்று தூங்கவில்லை.

சார்பு என்கிறோம் இதை.
ஆய்தம் தனியே நிற்காது;
முன்னால் ஒரு குறில் வேண்டும்
பின்னால் ஒரு வல்லினம் வேண்டும்.
இந்த நிரலும் அப்படித்தான்,
யார் யாரோ எழுதிக் கொடுத்த துண்டுகளின் நடுவே
மூன்று புள்ளியாய் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றைப் புதுப்பித்தாள்.
அது தன் அத்தை மகனைக் கூட்டி வந்தது.
அத்தை மகன் வந்த பந்தியில்
இன்னொருவர் உட்கார மாட்டார்.
‘இரண்டு புள்ளி ஒன்பதா? அப்படியானால் நான் எழுந்திருக்கிறேன்.’
எழுந்தவரைச் சமாதானம் செய்தால்
இலை போட்டவருக்குக் கோபம்.
சிவப்பு.
மணி இரண்டு. சிவப்பு.
காபி இயந்திரம் தன்னையும் புதுப்பிக்கச் சொன்னது.
சிவப்பு.

மூன்றரைக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில்
ஒன்றே ஒன்று பாக்கி.
‘லெய்டாவின் பண்ணை. மார்ச் கடைசி ஞாயிறு.
லாரி வர வேண்டியது ஆறுக்கு.
வருவது ஐந்துக்கு.’
எழுதியவன் ஹெய்னோ.
வேலையை விட்டுப் போய் ஆறு வருடம்.
ஏன் ஆறு என்று சொல்லவில்லை,
‘தொடாதே’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தான்.

அவள் விரல் விட்டு எண்ணினாள்.
நாளை மறுநாள் கடிகாரங்கள்
ஒரு மணி முன்னால் தாவும்.
புதிய நூலகத்துக்கு அது தெரியும்.
பழையதற்குத் தெரியவே தெரியாது,
அதற்கு ஆண்டு முழுக்க ஒரே நேரம்.
ஆகவே புதியது சரி, ஹெய்னோ தப்பு.
அழிக்கப் போன விரல்
என்னவோ, நின்றது.
விடியட்டும்.

ஆறரைக்கு ஓட்டுநர் உர்மஸ் போனை எடுத்தான்.
வாய் நிறையக் கறுப்பு ரொட்டி, பின்னால் எஞ்சின்.
“கோடையில் ஐந்துக்குப் போய் என்ன செய்ய?
மடியில் இருப்பதை நானா கறப்பேன்?
கடிகாரத்தைத் திருப்பியது அரசாங்கம்.
மாட்டிடம் யார் போய்ச் சொன்னது?”

பதினோரு வருடம்
ஒரு பிழையின் மேல் ஏறிப் பால் வந்திருக்கிறது.
நாற்பத்தொரு கொட்டிலிலும்
லாரி வேளைக்கு வருகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள்.
நூலகத்தின் அறியாமையும்
மாட்டின் அறியாமையும்
ஒன்றோடொன்று பொருந்திக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.
இடையில் புகுந்து கெடுத்தது
சரியான விடை.

கைடி அந்தச் சரியின் மேல்
பழைய தப்பைத் தன் கையால் எழுதினாள்.
நான்கு வரி. இந்த முறை ஒளிவுமறைவு இல்லாமல்.
பெயர் ஒன்று வைக்க வேண்டுமே,
மாடுகளின் நேரம் என்று வைத்தாள்.
ஹெய்னோவின் ‘தொடாதே’க்குக் கீழே
‘ஏனென்றால்’ என்று தொடங்கி
உர்மஸ் சொன்னதை
ரொட்டியை மட்டும் விட்டுவிட்டு எழுதினாள்.

பச்சை.
அதற்கு அடியில் மஞ்சளில் ஒரு வரி:
இன்னொரு துண்டு வரும் அக்டோபரோடு கைவிடப்படும்.
அக்டோபர்,
தாவிய மணி திரும்பி வரும் மாதம்.
படித்துவிட்டு
மேலங்கியை எடுத்துக்கொண்டாள்.