உபரி

இஞ்சன் துறைமுகத்தில் என் வேலை
நாடு விட்டுப் போகும் வண்டிகளுக்குக் கடைசிப் பரிசோதனை.
டயரைத் தட்டுவேன். எண்ணெய் பார்ப்பேன்.
இருக்கைகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுவேன்.
யாரும் பணத்தை மறந்துவிட்டுப் போனதில்லை.

இன்றைக்கு ஒரு மஞ்சள் வேன்,
பூண்டு விளையும் உய்சொங்கிலிருந்து.
பதினைந்து குட்டி இருக்கைகள்,
என் முழங்கால் உயரம்கூட இல்லை.
பதினொன்றில் பிளாஸ்டிக் உறையை
இன்னும் யாரும் பிரிக்கவில்லை.
மீதி நான்கில்
ஒன்றின் அடியில் காய்ந்த சூயிங்கம்,
ஒன்றின் விளிம்பில் பால்பற்களின் தடம்.

ஓட்டிவந்தவர் ப்யோ டல்-சு.
சாவியை உடனே தரவில்லை.
"போன வருஷம் ஒரே பையன்தான்.
ஜன்னலோரம் வேண்டும் என்பான்.
தினம் ஒரு ஜன்னல் கொடுத்தேன்.
பள்ளியை மூடவில்லை," என்றார் அவசரமாக,
"பலகையை மாற்றினார்கள். இப்போது முதியோர் காப்பகம்.
கைகழுவும் தொட்டிகள் மட்டும் பழைய உயரத்தில்.
பரவாயில்லை,
வருகிறவர்கள் வளைந்தேதான் வருகிறார்கள்."

படிவத்தில் 'விற்கும் காரணம்' என்றொரு கட்டம்.
பழுது என்று எழுத முடியாது, எஞ்சின் கல்லுமாதிரி இருக்கிறது.
'ஏற ஆளில்லை' என்று எழுதினேன்.
மேலாளர் அடித்துவிட்டு 'உபரி' என்றார்.

எனக்கு நாற்பத்தொன்று.
மாவட்ட அலுவலகம் எனக்கும் கடிதம் போடுகிறது,
முதல் குழந்தைக்கு இவ்வளவு, இரண்டாவதுக்கு இவ்வளவு.
என் ஒற்றை அறையின் வாடகையால் வகுத்தேன்.
எட்டு மாதம் வருகிறது.
ஒன்பதாம் மாதம் குழந்தை எங்கே படுக்கும்?
ஒரு பெண்ணுக்கு முக்கால் குழந்தைகூடத் தேறவில்லை
என்று செய்தியில் அழுகிறார்கள்.
யாரிடமோ இருக்கிறது அந்த முக்கால்.
நான் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

வேன் லோமேயில் இறங்கியது.
இரண்டு எல்லை, ஒரு மணற்புயல்,
கணக்கில் வராத கையூட்டு,
பிறகு நைஜர், ஜிந்தெர் நகரம்.
வாங்கிய லவாலி குரல்செய்தி அனுப்புகிறார்,
கைபேசி அதைக் கொரிய மொழியாக்கிச் சொல்கிறது:
"இருக்கைகளைக் கழற்றிப் பலகை போட்டுவிட்டேன், மதாம்.
உள்ளே முப்பத்தெட்டு.
கூரைமேல் இருப்பதை எண்ணுவதில்லை."

நான் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பியிருக்கக் கூடாது.
அடுத்த செய்தி நீளமாக வந்தது.
"வாத்தியார் ஒருவர். வகுப்பு வைக்கோல்.
மழை வந்தால் பள்ளிக்கூடமே இல்லை.
ஆறாவதுக்குப் பெயர் வைத்த அன்று
ஐந்தாவதுக்குக் காய்ச்சல்.
என் மனைவி அன்றிரவு என்னோடு பேசவில்லை,
இன்றுவரைக்கும் அதிகமில்லை.
இவர்களுக்கெல்லாம் முப்பது வயதாகும்போது
உங்கள் ஊரில் வண்டி ஓட்ட ஆள் இருக்குமா?"

நான் யோசித்தேன்.
என் யோசனையை
கைபேசி மொழிபெயர்க்கவில்லை.

அவரே சொன்னார்:
"இந்த வேன் எத்தனையோ எல்லை தாண்டி வந்தது.
எங்கேயும் அதன் அப்பா பெயர் கேட்கவில்லை.
அதே பாதையில் என் மகள் ரகியா திரும்பி வந்தால்
முதல் கேள்வியே அதுதான்."

துறைமுகத்தில் அன்று மாலை
இருபத்தேழு வண்டிகளைக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.
ஆறு மஞ்சள்.

நேற்று ஒரு காணொளி.
குறுகலான செம்மண் சந்து, வேன் பின்னால் நகர்கிறது.
உள்ளிருக்கும் பதிவுக் குரலை லவாலி நிறுத்தவில்லை,
எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லையாம்.
எங்கள் ஊர்ப் பெண்ணின் குரல், மிக மரியாதையாக,
"ஹூஜின்ஹம்னிதா, ஹூஜின்ஹம்னிதா,"
பின்னோக்கிச் செல்கிறது, பின்னோக்கிச் செல்கிறது.
உய்சொங்கின் தெருக்களில்
விலகிக்கொள்ள யாருமில்லாமல் அது சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கே புழுதிக்குள்ளிருந்து
நாற்பது ஐம்பது தொண்டைகள்
அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு
"ஹூஜின்ஹம்னிதா!" என்று கத்தியபடி
கேமராவை நோக்கி ஓடிவருகின்றன.

பொருள் என்னவென்று கேட்கிறார்.
இன்னும் பதில் போடவில்லை.